மாமன் மடி

உங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வயதிலோ மூன்று வயதிலோ காது குத்தியிருப்பார்கள். அந்த வலி உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு நினைவிருக்கிறது. எனக்குக் காது குத்தும்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு வருஷமும் மாமாவின் நினைவு நாளில் நம் பள்ளிக் குழுவில் நீங்கள் தேசியக்கொடிப் படம் போட்டு வீரவணக்கம் அனுப்புகிறீர்கள். நானும் பதிலுக்குக் கைகூப்பி வைக்கிறேன். வருஷா வருஷம் செய்து எனக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டது. அவர் எப்படிச் செத்தார் என்று கேட்டவர்கள் நிறைய. இந்த வருஷம் உங்களில் ஒருத்தி மட்டும், அவர் எப்படி இருப்பார் என்று கேட்டாள். அலைபேசியில் பதில் அடிக்க ஆரம்பித்து, நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவைப் பெற்றவர்கள் அவளுக்குக் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதனால் மாமா எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். திருமங்கலத்துக்கு மேற்கே, பெரிய சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஊர் எங்களுடையது. விடிவதற்கு முன்பே எழுந்து, இன்னும் சில பையன்களோடு சாலை ஓரமாகக் கப்பலூர் வரை ஓடிவிட்டு வருவார். எல்லாரும் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்காக ஓடியவர்கள். திரும்பி வரும்போது அவர் உடம்பிலிருந்து ஆவி பறக்கும். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு சட்டிப் பழைய சோற்றைக் காலி செய்வார். பிறகு தையல்காரரிடமிருந்து வாங்கிவந்த டேப்பை மார்பில் சுற்றி, ஒரு நுனியை என்னிடம் கொடுத்து மூச்சை இழுத்துப் பிடிப்பார்.

"எம்புட்டு வருது, மூளி?"

நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். முதல் தடவை மார்பளவு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை எடுத்துக்கொண்டார்கள்.

மூளி என்று அவர் கூப்பிட்டது என்னைத்தான். காதில் கழுத்தில் ஒன்றுமில்லாமல் இருப்பவளை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். என் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் காதில் தோடு இல்லாவிட்டால் விளக்குமாற்றுக் குச்சியாவது இருக்கும். என் காது வெறும் காது. நீங்கள் கேலியாகச் சொன்னீர்கள், மறந்திருப்பீர்கள், பரவாயில்லை. வீட்டில் அது செல்லப்பெயர். "மூளி, அந்தச் சொம்ப எடு." "மூளி, பால்காரர் வந்துட்டாரா பாரு." அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் நான் ஏதோ உடைத்துவிட்டேன் என்று அர்த்தம். ஒட்டுப்பொட்டை எடுத்துக் காதுமடலில் ஒட்டிக்கொண்டு கண்ணாடி பார்ப்பேன். வேர்வையில் அது மதியத்துக்குள் உதிர்ந்துவிடும்.

என் காதை அப்படியே விட்டுவைத்ததற்குக் காரணம் அம்மாவின் பிடிவாதம். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சொந்தத் தாய்மாமன் இல்லாதவர்கள் ஒன்றுவிட்டவரை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிடுவார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். அவள் தம்பி வேலைக்குப் போக வேண்டும், அவன் கையால் தோடு வாங்க வேண்டும், அவன் மடியில்தான் என்று குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். முதலில் மாமாவுக்கு வேலை கிடைக்கவில்லை. பிறகு பயிற்சிக்குப் போய்விட்டார். பிறகு எல்லைக்கு. அவர் கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது முடித்திருக்கலாம், தோடுகூட வாங்கியாகிவிட்டது. அந்த வாரம் பார்த்து அப்பாவின் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து எங்களுக்குத் தீட்டு.

அந்த லீவில்தான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது. பேச்சில் இந்தி வார்த்தைகள் வந்து விழும். துண்டை மடித்தால் செங்கல் மாதிரி நாலு பக்கமும் சரியாக இருக்கும். கோழி விரட்டினால் ஓடுகிற மாதிரி நடித்து, புதுப்பெண்ணாக வந்திருந்த அத்தையைச் சிரிக்கவைப்பார். அத்தை செக்கானூரணிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். மாமாவுக்கு ஊசி என்றால் பயம் என்பதை எனக்குச் சொன்னது அவள்தான். மாமா மறுக்கவில்லை. உனக்குக் குத்தும்போது நானும் கண்ணை மூடிக்கொள்வேன், நீயும் மூடிக்கொள், நம் இரண்டு பேருக்கும் தெரியாமல் குத்திவிட்டுப் போகட்டும் என்றார்.

மாசி மாதம், சிவராத்திரியை ஒட்டிக் குலதெய்வம் கோயிலில் வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. லீவும் கிடைத்துவிட்டது என்று சொல்லியிருந்தார். தை பிறந்து கொஞ்ச நாளில் அப்பாவின் செல்லுக்கு ஒரு போன் வந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது. அம்மா செல்லைக் காதில் வைத்துக்கொண்டு, வாசலில் எங்கே நின்றால் கேட்கும் என்று நகர்ந்து நகர்ந்து நின்றாள். மாசிக்கு லீவு இல்லை, பங்குனியில் வாரேன் என்றார் மாமா. பங்குனியில் அத்தை ஊரில் பொங்கல் திருவிழா. அம்மாவுக்கு அந்த இரண்டும் சட்டென்று ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

"நீ யாரு பேச்சக் கேட்டு லீவ மாத்துனேன்னு எனக்குத் தெரியாதாடா? பெத்தவ மாதிரி வளத்தவளுக்கு இம்புட்டுத்தான். வை போன."

அவர் வைக்கவில்லை. அம்மாதான் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை.

மாசி பிறந்த வாரத்தில் அவர்கள் இருந்த முகாமின் மேல் பனி சரிந்தது.

விமானத்தில் மதுரைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ராணுவ வண்டியில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். உங்கள் அப்பாக்களும் அண்ணன்களும் வந்திருந்தார்கள். அதுவரை எங்கள் தெருவுக்குள் கால் வைக்காத ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். எங்கள் தெருப் பிணம் ஊர்க் கடைவீதி வழியாகப் போனது அன்றைக்குத்தான். பெரியவர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு ஒரு பையன் கொடியைப் போர்த்திக்கொண்டு வரவேண்டியிருந்தது என்று நினைத்துக்கொள்வேன். வெளியே சொல்வதில்லை.

கூட்டம் பார்ப்பதற்காக வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டியில் அவரை வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. உதடு கறுத்திருந்தது. அம்மா அழவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தவள், சுட்டதுபோல எடுத்தாள். பக்கத்தில் நின்ற அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்.

"அவன இன்னும் எம்புட்டு நேரந்தான்யா குளுருலயே வச்சிருப்பீக?"

அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியவில்லை. தலையை ஆட்டினார்.

சுடுகாட்டில் துப்பாக்கி வெடித்தது. பெண்கள் போகிற வழக்கமில்லை என்றாலும் அன்று அம்மாவையும் அத்தையையும் கூட்டிப்போயிருந்தார்கள். கொடியை முக்கோணமாக மடித்து எடுத்துக்கொண்டு அதிகாரி வந்தார். அம்மாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அம்மாவின் கைகள் தானாக நீண்டன. அதிகாரி அத்தையிடம் கொடுத்தார். மனைவியிடம்தான் கொடுப்பது முறை. அம்மாவின் கைகள் பாதியிலேயே நின்று, பிறகு முந்தானையைச் சரிசெய்வதுபோல இறங்கின. அதை நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள்.

நான் இப்போது ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு உருப்படி பழுதாகி வந்தால் காரணங்களை வரிசையாக எழுதி, ஒத்துவராததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். அடிக்க முடியாமல் மிஞ்சுவதுதான் காரணம். அம்மாவுக்கு அத்தையின் மேல் வந்த கோபத்தை இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். கடைசியாகப் போனில் பேசிய பேச்சு. கொடி. பங்குனிப் பொங்கல். வளர்த்த உரிமை. சில மாதம் வாழ்ந்தவளுக்கு மேடையில் கிடைத்த நாற்காலி. ஒன்றையும் அடிக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் அத்தையின் தாலியையும் தோட்டையும் கழற்றினார்கள். என்னை அந்தப் பக்கம் விடவில்லை. அவளைப் பெற்றவர்கள் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தேனிப் பக்கத்திலிருந்து மாமாவோடு வேலை பார்த்த ஒருவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றுகொண்டேயிருந்தார். அப்பா கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடாமல் சொன்னார்.

"அக்கா, மாசி லீவு அவன் லீவுக்கா. எம் பொண்டாட்டிக்கு நெறமாசத்துல ரொம்பச் சிரமமாயிருச்சு. என்னையப் போகச் சொல்லி எழுதிக் குடுத்துட்டான். நீங்க வைவீங்கன்னு சொன்னான். பங்குனியில போய்ச் சமாளிச்சுக்கிறேன்னான்."

காபியின் மேல் ஆடை படிந்துவிட்டது. பிறகு அம்மா கேட்டாள்:

"என்ன பிள்ள?"

"பொம்பளப் பிள்ளக்கா."

"நல்லாருக்கா?"

"நல்லாருக்காக்கா."

அவர் மனைவிக்குப் பால் கட்டுகிறதா, பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்றெல்லாம் விசாரித்தாள். அவருக்குச் சோறு போட்டாள். கிளம்பும்போது, என் தம்பி இடத்தில் நீ வந்து உட்கார வேண்டும், என் பிள்ளை காது உன் மடியில்தான் என்றாள். அவர் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டுவிட்டுச் சரி என்றார். ஆவணியில் நாள் குறித்தார்கள்.

அத்தையைப் பற்றி நினைத்தது தப்பு என்று அன்றைக்கு அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் கோபம் போய்விடும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அத்தைக்கு அவள் ஒரு போன்கூடப் போடவில்லை.

ஆடிக் காற்று அந்த வருஷம் பேய்க்காற்று. சாலையோரம் கட்டிய பிளக்ஸ்கள் கிழிந்து தொங்கின. கிழியாத ஒன்றை யாரோ அவிழ்த்துப்போய் வைக்கோல் படப்பின் மேல் மூடி, நாலு பக்கமும் கல் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும்போது பார்ப்பேன். மாமா தொப்பியோடு வானத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கெட்டித் துணி, மழைக்கு ஆகும்.

ஆடி முடியப்போகும்போது தேனிக்காரரிடமிருந்து போன் வந்தது. லீவு இல்லை என்று. அம்மா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அடுத்த சில நாட்களில் அத்தை பஸ் ஏறி வந்தாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும், அப்பாவாக இருக்கலாம். வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை. காதில் ஓட்டை மட்டும் இருந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது: என் காதில் ஓட்டையும் இல்லை தோடும் இல்லை, அவளுக்கு ஓட்டை இருக்கிறது, தோடு இல்லை. அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துருவலை எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன். அத்தை பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தாள். மாமா எனக்காக வாங்கி அவளிடம் கொடுத்துவைத்திருந்த தோடு. சிவப்புக் கல்.

"மதினி, அவரு இருந்தா அவரு உக்காருவாரு. இல்லைன்னு ஆச்சு. நான் உக்காரட்டுமா? அவருக்குச் சொன்ன மாதிரி இருக்கும்."

துருவும் சத்தம் நின்றது. அம்மா நிமிரவில்லை.

"ஒரு மூளி மடியிலயா எம் பிள்ளைக்கு நல்லது பண்ணச் சொல்ற?"

அந்தப் பெயர் என் காதில் விழுந்ததும், வாயில் தேங்காயோடு, "என்னம்மா?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் எப்படி மாறியது என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அத்தைதான் முதலில் அசைந்தாள். என் பக்கம் குனிந்து, வாயோரம் ஒட்டியிருந்த துருவலைத் துடைத்துவிட்டாள்.

"ஒன்னையச் சொல்லலத்தா. நீ தின்னு."

டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துபோனாள். அம்மா மறுபடி துருவ ஆரம்பித்தாள். மூடி முழுவதும் தீர்ந்து, சிரட்டை பிசிறுபிசிறாக விழும்வரை துருவினாள்.

சுதந்திர தினத்தன்று நம் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அத்தையை அழைத்திருந்தார்கள். உங்களுக்கு நினைவிருக்கும். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் வீரமங்கை என்றார். பொன்னாடை போர்த்தினார்கள். முதல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் கயிற்றை இழுத்ததும் பூ கொட்டியது. நாம் எல்லாரும் கை தட்டினோம். பெற்றோர்கள் பக்கம் அம்மாவும் நின்று கை தட்டினாள். ஊரே பார்க்கக் கொடியேற்ற அவள் கை ஆகும். என் காதைத் தொட ஆகாது. அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. மிட்டாய் எத்தனை என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அதற்கு அடுத்த வருஷம் கருணை வேலை கிடைத்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை நினைவு நாளுக்கு வருகிறாள். மேடையில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுகிறாள்.

அந்த வருஷ ஆவணியில் குறித்த நாளில் குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்துப் போனோம். சுற்றிலும் கருவேலங்காடு. ஒரு பக்கம் கிடாய் வெட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். மாமன் முறையில் ஒன்றுவிட்டவர்கள் இரண்டு மூன்று பேர் வேட்டி சட்டையோடு தயாராக வந்திருந்தார்கள். அம்மா யாரையும் உட்காரச் சொல்லவில்லை. வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த மாமாவின் படத்தைப் பலகையில் வைக்கச் சொன்னாள். படம் நிற்கவில்லை. சாய்த்துவைக்கவும் ஒன்றுமில்லை. காது குத்த வந்த ஆசாரி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, பிள்ளை பலகையில் உட்காரட்டும், படத்தைப் பிள்ளை வைத்துக்கொள்ளட்டும் என்றார். யாருக்கும் வேறு யோசனை இல்லை. ஆக, நான் பலகையில் உட்கார்ந்தேன். படத்தை என் மடியில் வைத்தார்கள். சட்டத்தின் மூலை தொடையில் குத்தியது. நான் அவர் மடியில் உட்கார வேண்டியது. அவர் என் மடியில் உட்கார்ந்திருந்தார்.

அதைப் பார்த்ததும் பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா என் தலையைப் பிடித்துக்கொள்ள வந்தாள். அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் என் தலையும் ஆடியது. ஆசாரி ஊசியை எடுத்தவர் கீழே வைத்தார். அவருக்கு யார் யாரென்று தெரியாது.

"இப்பிடி ஆடுனா காது கிழிஞ்சிரும். அழுகாத பொம்பளையா ஒருத்தி வந்து தலையப் பிடிங்கத்தா."

கூட்டத்துக்குப் பின்னால், வேன் நின்ற புளியமரத்தடியிலிருந்து அத்தை வந்தாள். அவள் வந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். யாரையும் பார்க்காமல் நேராக வந்து, எனக்குப் பின்னால் முழங்காலிட்டு, என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அவள் சேலையில் பஸ் வாசனையும் சீயக்காய் வாசனையும் இருந்தது. அழுகைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஒரு கிழவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"நல்லா அமுத்திப் பிடி. அசஞ்சிருவா."

அத்தை அமுத்திப் பிடித்தாள். முதல் காதில் ஊசி போனபோது எனக்கு நெற்றி வரை எரிந்தது. நான் கத்தினேன். இரண்டாவது காதுக்கு இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் பிடரியில் கேட்டது. சிவப்புக்கல் தோட்டைத் திருகி மாட்டிவிட்டு ஆசாரி எழுந்துகொண்டார். படத்தை யாரோ என் மடியிலிருந்து எடுத்தார்கள். சந்தனம், மாலை, சீர்த்தட்டு, போட்டோ என்று எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

பிறகு பந்தி. தார்ப்பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். காது எரிச்சலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா யாரிடமும் கொடுக்காமல் கறிவாளியைத் தானே தூக்கிக்கொண்டு பரிமாறினாள். ஒவ்வொரு இலையாகக் குனிந்து, கறி வைத்து, முகத்தைப் பார்த்து, அடுத்த இலைக்குப் போனாள். கடைசி இலை வரை போய்விட்டு, புளியமரத்தடியைப் பார்த்தாள். அங்கே வேன் மட்டும் நின்றது. வாளியோடு திரும்பி வந்து என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அவ சாப்பிட்டாளா?"

தெரியவில்லை என்றேன்.

அம்மா எழுந்து, அதே வரிசையை முதலிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டே போனாள்.